பூஜ்யம் என்றால் இல்லை என்று அர்த்தமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து சாய்வு நாற்காலியில் கண் சொருகிக்கொண்டிருந்த நேரம், துலூஸிலிருந்து பேத்தி வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டாள். அங்கே அவளுக்குக் காலை. தலைகூட வாரவில்லை.

"தாத்தா, உங்க பழைய டயரியெல்லாம் இருக்கா? 2019 மார்ச் மாசத்துது வேணும்."

நான் டயரி எழுதுகிறவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். அதில் இலக்கியம் ஒன்றும் கிடையாது. பால் கணக்கு, யார் வந்தார், யார் போனார், மழையா வெயிலா, அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு நாள் முடிந்தால் எதையாவது பதிவு செய்தாக வேண்டும். பீரோவுக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி எடுத்து வந்தேன். தூசியில் நாலு தும்மல்.

"அந்த மாசம் நம்ம ஊர்ல மேகமா இருந்துச்சா?" என்றாள்.

"பங்குனி வெயில்ல மேகம் எங்கேம்மா வரும்? இதோ பாரு, எட்டாம் தேதி மொட்டை மாடியில உன் பாட்டி கூழ் வடாம் போட்டிருக்கா. ஒன்பதாம் தேதி காக்கா ஓட்டினது நான். ரெண்டு நாளும் நல்ல வெயில்னு எழுதியிருக்கேன்."

"எட்டாம் தேதி மேகம்னு வருது தாத்தா. மொத்தம் ஆறு நாள் மேகம்னு வருது. அதுல ஒண்ணு மார்ச் 32."

மார்ச் 32 என்று அவள் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அதற்கப்புறம் நாலைந்து முறை நானே கூப்பிட்டு விளக்கம் கேட்டேன். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பயந்து ஓடிவிட வேண்டாம், கடைசியில் இது நம்முடைய ஆபீஸ் சமாசாரம்தான்.

அவள் எடுத்திருப்பது வானம் தெளிவாக இருக்கும் நாட்களைக் கணக்கெடுக்கும் வேலை. நாசா 1999 டிசம்பரில் அனுப்பிய டெர்ரா என்ற செயற்கைக்கோளில் மோடிஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. 2022 வரை 705 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றிக்கொண்டு, ஒரு போக்கில் 2,330 கிலோமீட்டர் அகலத்துக்குப் பூமியைப் பார்த்துக்கொண்டே போனது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கோப்பு. குறுக்கே 1,354 புள்ளி, நெடுக்கே ஏறத்தாழ 2,030 வரிசை, ஒவ்வொரு புள்ளியும் சுமார் ஒரு கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தேன், 27 லட்சத்து 48 ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. ஒரு நாளைக்கு இப்படி 288 கோப்பு. அப்படியானால் தினம் 79 கோடிப் புள்ளி! ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கேள்வி: மேகமா, தெளிவா?

ஆமா, இல்லை என்ற இந்த இரண்டே பதில் உள்ள சங்கதிக்கு அவர்கள் பாஷையில் பூலியன் என்று பேர். ஜார்ஜ் பூல் என்ற இங்கிலாந்துக்காரர், 1815-ல் லிங்கன் ஊரில் பிறந்து, பெரும்பாலும் தாமாகவே கணக்கு கற்று, அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். ஆமா, இல்லை இரண்டையும் 1, 0 என்று வைத்துக்கொண்டு தர்க்கத்தையே கணக்காகப் போட்டுவிடலாம் என்று காட்டினார். பிரெஞ்சில் பூலேயன் என்பார்கள். நாங்கள் படித்த காலத்தில் அந்த வார்த்தை எங்கள் வகுப்புக்கு வரவில்லை. வ்ரே, ஃபோ என்று சரி தப்பு போடும் பயிற்சி மட்டும் வரும்.

ஒரு ஆமா-இல்லையை எழுத ஒரு பிட் போதும். ஆனால் கம்ப்யூட்டர் பிட் பிட்டாகக் கையாளுவதில்லை. எட்டுப் பிட் சேர்ந்த ஒரு பைட்தான் அதன் கைக்கு அடங்கும் சிறிய அளவு. ஆராய்ச்சிக்காரர்கள் தரவு சேமிக்கும் நெட்சிடிஎஃப் என்ற கோப்பு வகையில் பூலியனுக்கென்று தனி வகையே கிடையாதாம். ஒரு பைட்டில்தான் போட வேண்டும். ஒரு ஆமாவுக்கு எட்டு இடம் ஒதுக்கி, ஏழு இடம் காலி. மணியார்டர் பாரம் பூராவும் வெறுமையாக இருக்க, ஒரு மூலையில் கையெழுத்து மட்டும் போட்ட மாதிரி.

காகிதப் பஞ்சத்தில் வேலை பார்த்த எனக்கு இந்த விரயம் பொறுக்கவில்லை. பேத்திக்கும் பொறுக்கவில்லை. அதனால் எட்டு பதிலை ஒரு பைட்டுக்குள் நெருக்கி அடுக்கிவிட்டாள். ஒரு இடத்துக்கு ஒரு மாதம் என்றால் 31 பதில், 31 பைட். நெருக்கி அடுக்கினால் நாலே பைட். இருபது வருஷத்துக்கு, இத்தனை லட்சம் இடத்துக்கு இந்த மிச்சம் சின்ன விஷயமில்லை.

நாலு பைட்டில் 32 பிட். மாதத்துக்கு 31 நாள். மிஞ்சிய ஒரு இடத்தில் அந்த மென்பொருள் தானாகவே பூஜ்யம் போட்டு நிரப்பிவிடும். திரும்பப் பிரிக்கும்போது எத்தனை நாள் என்று நாம் சொல்லாவிட்டால் முப்பத்திரண்டாம் நாளும் வந்து நிற்கும், கையில் பூஜ்யத்தோடு. அவள் வைத்த கேள்வி "வானம் தெளிவா?" என்பது. 1 என்றால் தெளிவு, 0 என்றால் தெளிவில்லை. ஆக மார்ச் 32 அன்று புதுச்சேரியில் மேகமூட்டம்.

இதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். எட்டாம் தேதி விவகாரம் அப்படிச் சிரிக்கும்படியாக இல்லை.

பூமத்திய ரேகைப் பக்கம் வர வர, அந்தக் கருவியின் ஒரு போக்குக்கும் அடுத்த போக்குக்கும் நடுவே கொஞ்சம் சந்து விழும். அந்தச் சந்தில் அகப்பட்ட ஊரை அன்றைக்கு அது பார்ப்பதே இல்லை. மறுநாள் பார்க்கும். நம் ஊர் 12 பாகை வடக்கில் இருக்கிறதல்லவா, நமக்கும் அந்தச் சந்து உண்டு. எட்டாம் தேதி நாங்கள் வடாம் போட்டதை டெர்ரா பார்க்கவில்லை. பார்க்காத நாளுக்கு அவள் எதையும் எழுதவில்லை. அவள் எழுதாவிட்டாலும் கோப்பில் ஏற்கெனவே பூஜ்யம் இருந்தது, ஏனென்றால் வேலையை ஆரம்பிக்கும்போது எல்லா இடத்திலும் பூஜ்யம் போட்டுத்தான் ஆரம்பிப்பார்களாம். பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒரே எழுத்தாகிவிட்டது.

பேத்தி இதைச் சொல்லி முடித்தபோது நான் பேசாமல் இருந்தேன். "தாத்தா, லைன் கட்டாயிடுச்சா?" என்றாள். இல்லை, எனக்கு வேறு ஒரு பூஜ்யம் ஞாபகம் வந்துவிட்டது.

1983. எந்தத் துறை, எந்த ஆபீஸ் என்று எழுதப்போவதில்லை. முதியோருக்கு உதவித்தொகை கொடுக்கும் பட்டியலை முதல் தடவையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கட்டம் போட்ட தாள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. வரிக்கு 80 கட்டம். அதற்கு மேல் ஒரு எழுத்துகூடப் போகக் கூடாது. பேர், ஊர், வயசு எல்லாம் போக, கேள்விகளுக்கு ஆளுக்கொரு கட்டம்தான். "நேர் விசாரணையில் தகுதி உண்டா?" உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது, விட்டால் இயந்திரம் ஏற்காது என்று சொல்லிவிட்டார்கள்.

கிராமத்திலிருந்து வந்த பழைய தாள்களைப் பார்த்து நான் நகல் எடுக்க வேண்டும். அதில் சில பேருக்கு நேரே பென்சிலில் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதியிருக்கும். சிலதில் ஒன்றுமே இருக்காது. நான் என்ன செய்வது? மேலே கேட்டேன். "தகுதி உண்டுன்னு யாராவது எழுதியிருக்கானா? இல்லையே. அப்ப பூஜ்யம் போடுய்யா, நாளைக்குள்ள அனுப்பணும்" என்றார். போட்டேன். எத்தனை பேருக்குப் போட்டேன் என்று எண்ணவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஆயா கவுண்டருக்கு வந்தாள். மீன் கூடை தூக்கியவள், முதுகு வளைந்துவிட்டது. "தம்பி, எனக்குப் பணம் நின்னுபோச்சு." பட்டியலைப் பார்த்தேன், தகுதியில்லை என்று இருந்தது. விசாரணையில் அப்படித்தான் வந்திருக்கிறது ஆயா என்றேன். "யாரு வந்து விசாரிச்சாங்க தம்பி? யாருமே வரலியே!" அவள் பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சடித்த தாள், கறுப்பு எழுத்து, வரிசை வரிசையாக. அதற்கு எதிரே ஒரு கிழவியின் வாய்ச்சொல்.

அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும். ஏழாவதோ எட்டாவதோ தடவை, அவளுக்காக என்பதைவிட என் தொந்தரவு தீரட்டும் என்றுதான் பழைய மூட்டையைப் பிரித்து அந்தக் கிராமத்துத் தாளைத் தேடினேன். அவள் பேருக்கு நேரே பென்சிலில் இருந்தது: வீடு பூட்டியிருந்தது. விடிகாலை நாலு மணிக்குத் துறைக்கு மீன் எடுக்கப் போகிறவள் வீடு பூட்டாமல் என்ன இருக்கும்? பக்கத்திலேயே கட்டத் தாளின் நகல், அதில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தின் வால் இடது பக்கம் கொஞ்சம் நீண்டிருந்தது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

திரும்ப மனு, திரும்ப விசாரணை, திரும்பப் பட்டியல். பதினோரு மாதம் கழித்து அவளுக்குப் பணம் வந்தது. நடுவில் நின்ற மாதங்களுக்கு நிலுவை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆயா எனக்கு இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள், நான்தான் உதவி செய்தேனாம். வாங்கிக்கொண்டேன். பூஜ்யம் போட்டது நான் என்று சொல்லவில்லை. அந்தத் தாளில் பூட்டிய வீடு இன்னும் பல இருந்தன. அவர்கள் யாரும் கவுண்டருக்கு வரவில்லை, நானும் போய்த் தேடவில்லை.

இத்தனைக்கும் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் வேறு மாதிரி மனிதர். 1972-ல் நான் சேர்ந்தபோது பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வேலைக்கு வந்த ஒரு தலைமைக் குமாஸ்தா இருந்தார். மிசியே என்றுதான் கூப்பிடுவோம். ப்ரெவே முடித்துவிட்டு வந்த எனக்குத் தமிழில் அலுவலகக் கடிதம் எழுத வராது, அவரும் நானும் பாதி பிரெஞ்சிலேயே பேசுவோம். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் அவருக்குக் கோபம் வரும். சொல்ல ஒன்றுமில்லை என்றால் நேயான் என்று எழுத வேண்டும், ஒன்றுமில்லை என்று அர்த்தம். மாதாந்திர அறிக்கையில் விவரம் எதுவும் இல்லையென்றால் ஏத்தா நேயான் என்று தனியாக ஒரு தாள் அனுப்ப வேண்டும். பின்னால் இங்கிலீஷ் நடைமுறையில் நில் ரிப்போர்ட் என்று அனுப்பினோமே, அதேதான். நேயான் என்று எழுதியிருந்தால் ஒருவன் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறான். காலியாக இருந்தால் எவனும் பார்க்கவில்லை. நான் பூஜ்யம் போட்ட வருஷம் மிசியே ஓய்வு பெற்றுப் போயிருந்தார்.

பேத்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, மோடிஸ் கோப்பைக் கட்டியவர்கள் இதற்கு வழி செய்திருக்கிறார்கள் என்றாள். ஒரு புள்ளிக்கு மேக விவரம் 48 பிட், அதாவது ஆறு பைட். முதல் பிட் மேகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. "இந்தப் புள்ளிக்கு முடிவு செய்யப்பட்டதா?" என்பதுதான் அதன் கேள்வி. 0 என்றால் செய்யப்படவில்லை. அதற்கப்புறம் இரண்டு பிட் சேர்ந்து நாலு படி சொல்லும்: மேகம், சந்தேகம், அனேகமாகத் தெளிவு, நிச்சயமாகத் தெளிவு. பிறகு பகலா இரவா என்று ஒன்று. தண்ணீரில் சூரியன் பளபளக்கிறதா என்று ஒன்று. கீழே பனியா என்று ஒன்று. நீர், கரை, பாலை, நிலம் என்பதற்கு இரண்டு. ஒரு பைட் நிறைந்தது. மீதி ஐந்து பைட்டில் பெரும்பாலும் ஒவ்வொரு சோதனையின் முடிவு.

நான் சொக்கிப்போனேன். எண்பது கட்டத்தில் எங்களுக்கு இது தோன்றவில்லையே! "விசாரிக்கப்பட்டதா?" என்று இன்னும் ஒரே ஒரு கட்டம். கட்டம் இல்லையென்றால் அதே கட்டத்தில் 9 என்று எழுதச் சொல்லியிருக்கலாம். பதில் தெரியாததற்கு 9 போடுகிற பழக்கம் கணக்கெடுப்புக்காரர்களிடம் உண்டு என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆனால் கேளுங்கள், முதல் பிட்டைப் பார்க்காமல் அடுத்த இரண்டை மட்டும் படித்தால் என்ன ஆகும்? முடிவு செய்யப்படாத புள்ளியில் அவையும் பூஜ்யம் பூஜ்யமாகக் கிடக்கும். பூஜ்யம் பூஜ்யம் என்றால் மேகம் என்று பொருள். முதல் பிட்டைப் படிக்காமல் விட்டதும் பேத்தியின் தப்புகளில் ஒன்று. "அவசரத்துல விட்டுட்டேன் தாத்தா" என்றாள். நாளைக்குள் அனுப்ப வேண்டும் என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கையும் அதில் உண்டு. பளபளப்பா, பனியா என்ற கேள்விகளுக்கு அந்தக் கோப்பில் 0 என்றால் ஆமா, 1 என்றால் இல்லை! எனக்கு இது புதிதல்ல. பிரெஞ்சில் வுய், நோ தவிர சி என்று மூன்றாவது ஒன்று உண்டு. "அவர் வரவில்லையா?" என்று எதிர்மறையாகக் கேட்டால், வந்தார் என்பதற்கு வுய் சொல்லக் கூடாது, சி சொல்ல வேண்டும். சின்ன வயசில் இதற்காக விரல் முட்டியில் அடி வாங்கியிருக்கிறேன். நம் தமிழில் "அவர் வரலையா?" என்றால் "ஆமா, வரலை" என்போம். படிவத்தில் "சொத்து எதுவும் இல்லையா?" என்று கேட்டு, கிராமத்திலிருந்து "ஆம்" என்று பதில் வந்தால் அது எந்த ஆம்? அந்த மாதிரித் தாள்களை வைத்துக்கொண்டு அரை நாள் விழித்திருக்கிறேன். பிட்டுக்கும் அதே கதிதான். கேள்வியைப் பக்கத்தில் எழுதி வைக்காவிட்டால் 1 என்பது வெறும் குச்சி.

அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. வானிலை, கடல் ஆய்வுக்காரர்களுக்குள் சி.எஃப். மரபு என்று ஒரு ஒப்பந்தம். கோப்புக்குள்ளேயே எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், எந்தப் பிட் எந்தக் கேள்விக்கு என்று வார்த்தையில் எழுதி வைக்க வேண்டும். பதில் இல்லாத இடத்துக்கு என்ன எண் போட்டிருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். மிசியேவுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

பேத்தி என்ன செய்தாள் என்றால், தன் கணக்குக்காக நாளுக்கு இரண்டு பிட் வைத்துக்கொண்டாள். பார்த்ததா, தெளிவா. 31 நாளுக்கு 62 பிட், எட்டு பைட். நாலு பைட்டை விட இரண்டு மடங்கு, 31 பைட்டில் கால்வாசி. மற்றவர்களுக்குக் கொடுக்கும் கோப்பில் நெருக்குவதை விட்டுவிட்டு நாளுக்கு ஒரு முழு பைட்டே போட்டாள். 0, 1, பார்க்காத நாளுக்குத் தனியாக ஒரு எண். விரயமாகாதா என்றேன். மேகம் ஒரு கிலோமீட்டரில் தொடங்கி ஒரு கிலோமீட்டரில் முடிவதில்லை, பக்கத்துப் பக்கத்துப் புள்ளியெல்லாம் ஒரே பதிலாக இருக்கும், அதனால் கோப்பைச் சுருக்கி வைக்கும் முறையே அதைப் பெரிதும் ஒடுக்கிவிடும் என்றாள். எட்டு பதிலை ஒன்றாகப் பொட்டலம் கட்டினால், பிரிக்கத் தெரியாதவன் கையில் அகப்பட்டுத் தப்பாகப் பிரிவான், அதற்கு இது தேவலை என்று அவளுடைய பேராசிரியர் சொன்னாராம். எனக்கென்னவோ அந்த இரண்டு பிட்தான் மனசுக்குப் பிடிக்கிறது. எட்டே பைட், ஆனால் ஒரு கேள்விகூட விட்டுப்போகவில்லை.

நேற்று ராத்திரி புதுச்சேரியின் 2019 மார்ச்சைத் திருத்தி அனுப்பியிருந்தாள். முப்பத்தொரு சின்னக் கட்டம். தெளிவான நாள் நீலம், மேகம் வெள்ளை, பார்க்காத நாள் சாம்பல். எட்டாம் தேதி சாம்பலாக இருந்தது. மொத்தம் நாலு சாம்பல், ஒரே ஒரு வெள்ளை. அது இருபத்திரண்டாம் தேதி.

டயரியை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் ஒன்றும் எழுதவில்லை.